நாடகக் கம்பெனியை வாங்கிய கம்பெனி: டிஸ்னி கையில் மப்பெட்ஸ்

நான் டிஸ்னி பிளஸுக்குச் சந்தா கட்டுவது ஒரு தவளைக்காக. மார்வெல், ஸ்டார் வார்ஸ் எல்லாம் வீட்டில் மற்றவர்கள் பார்ப்பார்கள், எனக்கு அவற்றில் பெரிய ஈடுபாடு இல்லை. மாதாமாதம் பணம் போகும்போது என் மனதில் இருப்பது கெர்மிட்டும், அவனைத் துரத்தித் துரத்திக் காதலிக்கும் மிஸ் பிக்கியும், யாரும் சிரிக்காத ஜோக்கைத் தைரியமாக மறுபடியும் சொல்லும் ஃபாஸி கரடியும், பீரங்கிக்குள் தானே ஏறி உட்கார்ந்து சுடச்சொல்லும் கான்ஸோவும்தான். அதனால் இது ஒரு படத்துக்கோ ஒரு தொடருக்கோ எழுதும் விமர்சனம் இல்லை. இவர்கள் எல்லாம் மப்பெட்ஸ் என்ற பொம்மலாட்டப் பொம்மைகள். 2004 பிப்ரவரியில் டிஸ்னி மப்பெட்ஸை வாங்கியது. இருபது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. இத்தனை நாளில் அந்தப் பொம்மைகளை எப்படி வைத்திருக்கிறார்கள், காசு கொடுத்துப் பார்க்கிற நமக்கு என்ன கிடைக்கிறது, எது கிடைக்காமல் போயிற்று, அதைத்தான் எழுதப் போகிறேன்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பழைய மப்பெட் ஷோ என்ற டிவி நிகழ்ச்சியின் ஐந்து சீசனும் டிஸ்னி பிளஸில் இருக்கின்றன, கட்டுகிற பணத்துக்கு அது ஒன்றே போதும். புதிதாக எடுத்தவற்றில் இரண்டு மிக நன்றாக இருக்கின்றன, இரண்டு மூன்றை ஒருமுறை பார்க்கலாம், மீதியை விட்டுவிடலாம். ஆனால் என் குறை தனித்தனிப் படைப்புகள் மேல் இல்லை. ஒவ்வொரு தடவையும் ஏதோ ஒன்றைப் புதிதாகத் தொடங்குகிறார்கள், அது சூடு பிடிக்கும்போது நிறுத்துகிறார்கள், நான்கு வருடம் சத்தமே இருக்காது, அப்புறம் மறுபடி முதலிலிருந்து அறிமுகம். இந்தப் பழக்கம்தான் மப்பெட்ஸைத் தேய்க்கிறது என்று நினைக்கிறேன். ஏன் என்று சொல்ல, இவர்கள் எப்படி வேலை செய்கிறார்கள் என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும்.

மப்பெட்ஸை உருவாக்கிய ஜிம் ஹென்சன் 1955-இல் வாஷிங்டனில் ஒரு உள்ளூர் டிவி ஸ்டேஷனுக்கு ஐந்து நிமிட நிகழ்ச்சி செய்ய ஆரம்பித்தபோது கல்லூரி மாணவர். அம்மாவின் பழைய கோட்டை வெட்டி, பிங்பாங் பந்தை இரண்டாக அறுத்துக் கண் வைத்து அவர் செய்த பொம்மைதான் கெர்மிட். அப்போது அது தவளைகூட இல்லை, பல்லி மாதிரி ஏதோ ஒன்று. 1969-இல் அவருடைய பொம்மைகளோடு செசமி ஸ்ட்ரீட் என்ற குழந்தைகள் நிகழ்ச்சி வந்தது, உலகத்துக்கே அவரைத் தெரிந்தது, ஆனால் குழந்தைகளுக்கான ஆள் என்று முத்திரையும் விழுந்துவிட்டது. பெரியவர்களும் சேர்ந்து பார்க்கிற மாதிரி ஒரு நிகழ்ச்சி செய்கிறேன் என்று அவர் போய் நின்றபோது அமெரிக்க நெட்வொர்க்குகள் எதுவும் எடுத்துக்கொள்ளவில்லை. இங்கிலாந்தில் லூ கிரேட் என்ற தயாரிப்பாளர் நம்பிப் பணம் போட்டார். லண்டனை ஒட்டிய எல்ஸ்ட்ரீ ஸ்டூடியோவில் 1976 முதல் 1981 வரை 120 எபிசோட் எடுத்தார்கள். அதுதான் மப்பெட் ஷோ, நூறு நாடுகளுக்கு மேல் ஓடிய நிகழ்ச்சி.

கதை என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. ஒரு பழைய நாடகக் கொட்டகை, வாரம் ஒரு விருந்தாளி, மேடையில் பாட்டும் கூத்தும், திரைக்குப் பின்னால் அதைவிடப் பெரிய கூத்து. கெர்மிட் மேடை நிர்வாகி, எல்லாருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு, எப்படியாவது இன்று இரவு ஷோவை முடித்துவிட வேண்டும் என்று தவிப்பவன். மேலே பாக்ஸில் ஸ்டாட்லர், வால்டார்ஃப் என்று இரண்டு கிழவர்கள், ஒவ்வொரு வாரமும் வந்து உட்கார்ந்து எல்லாவற்றையும் திட்டிவிட்டு அடுத்த வாரம் அதே இடத்தில் உட்கார்ந்திருப்பார்கள். ருடால்ஃப் நுரயேவ் மாதிரி ஒரு பாலே மேதை ஆளுயரப் பன்றியோடு ஆடியிருக்கிறார். நடிகை ரீட்டா மொரேனோ நிதானமாக ஒரு பாட்டைப் பாட, பின்னால் டிரம்ஸில் உட்கார்ந்திருக்கும் அனிமல் என்ற பொம்மை பொறுக்க முடியாமல் இடையிடையே வெடிக்க, அவர் திரும்பி முறைக்கும் முறைப்பும் கடைசியில் இரண்டு சிம்பலை எடுத்து அதன் தலையில் அறைவதும் இன்றைக்குப் பார்த்தாலும் வயிறு வலிக்கும். அந்த எபிசோடுக்காக மொரேனோவுக்கு எம்மி விருது கிடைத்தது.

இதில் நான் சொல்ல வருவது விருந்தாளிகளைப் பற்றி இல்லை, கீழே நிற்கிறவர்களைப் பற்றி. மப்பெட் பொம்மைக்குள் மோட்டார், ஸ்பிரிங் என்று எதுவும் பெரும்பாலும் கிடையாது. கெர்மிட்டின் தலை வெறும் மெத்தென்ற துணி. உள்ளே இருப்பது ஒரு மனிதனின் கை. விரல் முட்டியை மடக்கினால் கெர்மிட்டின் முகம் சுருங்கும், விரலை நீட்டினால் வாய் பிளந்து திகைப்பான், கட்டைவிரலை லேசாக உள்ளே இழுத்தால் அவமானத்தை விழுங்குவது போல இருக்கும். ஆட்டுகிறவர் செட்டுக்குக் கீழே, கையைத் தலைக்கு மேலே உயர்த்திப் பிடித்து, எதிரே இருக்கும் மானிட்டரைப் பார்த்துக்கொண்டே நடிப்பார். வலது கை பொம்மையின் தலைக்குள் போய்விடுவதால், கம்பியைப் பிடித்துப் பொம்மையின் கையை அசைக்க இவருடைய இடது கைதான் மிச்சம். மப்பெட்களில் பெரும்பாலானோர் இடதுகைக்காரர்களாக இருப்பது இதனால்தான். சுவீடிஷ் செஃப் என்ற சமையல்காரப் பொம்மை வேறு வகை. தலையும் குரலும் ஹென்சன், அந்த இரண்டு கைகள் அவருடைய கூட்டாளி ஃபிராங்க் ஆஸின் நிஜக் கைகள். தலை ஒரு பக்கம் போக நினைக்கும், கை வேண்டுமென்றே வேறு எதையாவது எடுத்து வீசும், தலை சமாளிக்க வேண்டும். எழுதி வைத்து எடுக்க முடியாத நகைச்சுவை அது. இரண்டு பேர் பல வருடம் ஒட்டிக்கொண்டு வேலை செய்தால்தான் வரும்.

நாடகக் கம்பெனி என்றால் நமக்குத் தெரியும். தினமும் மேடை ஏறுவது, ஒருவர் வேஷத்தை இன்னொருவர் பக்கத்தில் நின்று பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொள்வது, யாருக்கு எந்த இடத்தில் மூச்சு வாங்கும் என்பதுகூட மற்றவருக்குத் தெரிந்திருப்பது. ஹென்சன் நடத்தியது அப்படி ஒரு கம்பெனி. ஃபிராங்க் ஆஸ், ஜெரி நெல்சன், ரிச்சர்ட் ஹண்ட், டேவ் கோல்ஸ், ஸ்டீவ் விட்மயர் எல்லாரும் அதில் உருவானவர்கள். டிஸ்னி வாங்கியது கெர்மிட், பிக்கி என்கிற முகங்களையும் பெயர்களையும். அந்த முகங்களை வைத்துக்கொண்டு ஒரு குழுவை வருடம் முழுக்கத் தொடர்ந்து ஆடவிடுவது வேறு வேலை. அது இந்த இருபது வருடத்தில் நடக்கவே இல்லை. பல வருட ரசிகர்கள் திரும்பத் திரும்பச் சொல்வதும் இதுதான், வேறு வேறு வார்த்தைகளில்.

வாங்கிய கதையையும் சுருக்கமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் டிஸ்னியை ஏதோ வெளியிலிருந்து வந்து பிடுங்கிக்கொண்ட ஆள் மாதிரி சிலர் பேசுவதை நான் ஒத்துக்கொள்வதில்லை. டிஸ்னியிடம் கொடுக்க நினைத்தவர் ஹென்சனே. 1989 ஆகஸ்டில் ஒப்பந்தத்தை அறிவித்தார்கள். வியாபாரத் தலைவலியை டிஸ்னி பார்த்துக்கொள்ளும், தான் படைப்பு வேலையை மட்டும் பார்க்கலாம் என்பது அவர் விருப்பம். செசமி ஸ்ட்ரீட் பொம்மைகளை மட்டும் அதில் சேர்க்கக் கூடாது என்பதில் உறுதியாக இருந்தார். கையெழுத்தாகும் முன்பே, 1990 மே 16 அன்று, கடுமையான பாக்டீரியா தொற்றில் இறந்துபோனார். வயது 53. அந்த வருடக் கடைசியில் பேச்சுவார்த்தை முறிந்தது. பத்து வருடம் கழித்து 2000-இல் ஹென்சன் குடும்பம் ஈஎம்.டிவி என்ற ஜெர்மன் நிறுவனத்துக்கு மொத்தத்தையும் 68 கோடி டாலருக்கு விற்றது. அந்த நிறுவனம் தடுமாறியபோது 2003-இல் வெறும் 8.4 கோடிக்குக் குடும்பமே திருப்பி வாங்கியது. அடுத்த வருடம் மப்பெட்ஸ் டிஸ்னிக்கு. செசமி ஸ்ட்ரீட் பொம்மைகள் செசமி வொர்க்‌ஷாப்பிடம், ஹென்சனின் மற்ற படைப்புகளான ஃபிராகிள் ராக்கும் டார்க் கிறிஸ்டலும் ஹென்சன் கம்பெனியிடம். அதனால்தான் கெர்மிட்டும் செசமி ஸ்ட்ரீட்டின் எல்மோவும் இன்று ஒரே மேடையில் நிற்பது அபூர்வமாகிவிட்டது.

சரி, டிஸ்னி பிளஸில் என்ன இருக்கிறது என்பதற்கு வருகிறேன்.

பழைய ஷோ 2021 பிப்ரவரியில்தான் அங்கே வந்தது. இது எவ்வளவு பெரிய விஷயம் என்று ரசிகர்களுக்குத் தெரியும். முதல் சீசன் டிவிடி 2005, இரண்டாவது 2007, மூன்றாவது 2008, அதோடு நின்றுவிட்டது. நான்காவது ஐந்தாவது சீசன்களை முழுசாக முறையான டிஸ்க்கில் யாரும் வாங்கியதில்லை. பதின்மூன்று வருடம், அடுத்த டிவிடி எப்போது, அடுத்த டிவிடி எப்போது என்று கேட்டுக்கொண்டே இருந்த கூட்டத்தில் நானும் ஒருவன். பழைய வீடியோ கேசட்டிலிருந்து யாரோ பதிவேற்றிய மங்கலான துண்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அப்படி இருந்துவிட்டு, ஒரு காலை ஐந்து சீசனும் வரிசையாகத் திரையில் நின்றபோது எனக்கு நிஜமாகவே கண் கலங்கியது. டிஸ்னிக்கு இதற்கு முழு மனதோடு நன்றி சொல்கிறேன்.

ஆனாலும் முழுமை இல்லை. 120-இல் இரண்டு எபிசோட் வரவில்லை. இன்னும் சிலவற்றில் பாட்டு உரிமைப் பிரச்சினையால் பாட்டுகள் வெட்டப்பட்டிருக்கின்றன, வெட்டிய இடம் பார்க்கும்போதே தெரியும், ஒரு காட்சி தொடங்கப் போகிறது என்று நினைக்கும்போது அடுத்தது வந்துவிடும். சில எபிசோடுகளுக்கு முன்னால், மற்ற இனத்தவரைக் காட்டியிருக்கும் விதம் தவறானது என்று ஒரு எச்சரிக்கை வரும். இதற்குக் கோபப்பட்டவர்கள் உண்டு, எனக்கு அதில் கோபம் இல்லை. வெட்டாமல், ஒளிக்காமல், இது தப்பு என்று சொல்லிவிட்டு அப்படியே காட்டுவதுதான் நேர்மை. பாட்டு வெட்டியதுதான் என் வருத்தம், ஏனென்றால் இந்த நிகழ்ச்சியின் பாதி உயிர் பாட்டில் இருக்கிறது.

டிஸ்னி எடுத்தவற்றில் 2005-இல் வந்த விஸார்ட் ஆஃப் ஆஸ் டிவி படத்தைத் தாராளமாகத் தாண்டிப் போகலாம். க்வீன் இசைக்குழுவின் போஹிமியன் ராப்ஸடி பாட்டை இவர்கள் பாடி 2009 நவம்பரில் இணையத்தில் விட்ட வீடியோவை மட்டும் தாண்டக் கூடாது. ஐந்து நிமிடம்கூட இல்லை, ஆளாளுக்கு ஒரு வரி, அனிமல் அம்மா அம்மா என்று கூவும் இடம் வந்தால் சின்னப் பிள்ளையிலிருந்து தாத்தா வரை சிரிக்காத ஆளை நான் பார்த்ததில்லை. இவர்களிடம் சரக்கு தீரவில்லை என்று அப்போதே காட்டியது அது.

அதற்கு இரண்டு வருடம் கழித்து வந்த 2011 படம்தான் டிஸ்னி காலத்தின் உச்சம் என்று நான் சொல்வேன். ஜேசன் சீகலும் நிக்கலஸ் ஸ்டோலரும் எழுதி, ஜேம்ஸ் பாபின் இயக்கியது. வால்டர் என்ற புது மப்பெட், அவன் ஒரு தீவிர ரசிகன், பாழடைந்து கிடக்கும் பழைய கொட்டகையைப் பார்க்கப் போகிறான், பிரிந்துபோன எல்லாரையும் கெர்மிட் தேடிப் பிடித்துச் சேர்க்கிறான். எண்ணெய்ப் பணக்காரன் ஒருவன் ஒப்பந்தத்தைக் காட்டிக் கொட்டகையை மட்டும் இல்லை, மப்பெட்ஸ் என்ற பெயரையே எடுத்துக்கொள்ளப் பார்க்கிறான். இந்தக் கதையை டிஸ்னியே பணம் போட்டு எடுத்தது என்பதை எத்தனையோ ரசிகர்கள் பேசியிருக்கிறார்கள். எனக்கு அது தைரியமாகத்தான் தெரிந்தது. கடைசியில் தோற்றுவிட்டோம் என்று நினைத்து, பரவாயில்லை, சேர்ந்து இருந்தோமே, அது போதும் என்று கெர்மிட் சொல்லிவிட்டு எல்லாரையும் வாசல் பக்கம் அழைத்துப் போகும் இடம் இருக்கிறது. என் மகள் அப்போது என் கையைப் பிடித்துக்கொண்டாள். ப்ரெட் மெக்கென்ஸி எழுதிய பாட்டுக்கு ஆஸ்கரும் கிடைத்தது. ஃபிராங்க் ஆஸுக்கு அந்தத் திரைக்கதை பிடிக்கவில்லை, பாத்திரங்களுக்கு மரியாதை இல்லை என்று வெளிப்படையாகவே சொன்னார். அவர் சொல்வதை லேசாக ஒதுக்க முடியாது, பிக்கியையும் ஃபாஸியையும் உருவாக்கியவர் அவர். படத்தில் கெர்மிட் கொஞ்சம் அதிகமாகவே சோர்ந்து போயிருக்கிறான் என்பதும் உண்மை. இருந்தாலும் எடுத்தவர்களுக்கு இவர்கள் மேல் காதல் இருந்தது, அது ஒவ்வொரு காட்சியிலும் தெரிகிறது.

2014-இல் அடுத்த படம், மப்பெட்ஸ் மோஸ்ட் வான்டட். நல்ல வேடிக்கை, பாட்டுகளும் பிரமாதம், ஆனால் முந்தைய படம் சுமார் 16.5 கோடி டாலர் வசூலித்த இடத்தில் இது ஏறக்குறைய பாதிதான் எடுத்தது. அவ்வளவுதான், தியேட்டர் படம் என்ற பேச்சே நின்றுபோனது. 2015-இல் ஏபிசி சேனலில் தொடர். அலுவலக ஆவணப்படம் மாதிரி கேமராவைப் பார்த்துப் பேசுவது, பிக்கியின் இரவு நிகழ்ச்சிக்குக் கெர்மிட் தயாரிப்பாளர், இருவரும் பிரிந்துவிட்டார்கள், கெர்மிட்டுக்குப் புதிதாக இன்னொரு பன்றிக் காதலி. நான் முதல் இரண்டு எபிசோடில் டிவியை அணைத்துவிட்டேன். பெரியவர்களுக்காக என்றால் கசப்பாக இருக்க வேண்டும் என்று யாரோ தப்பாகப் புரிந்துகொண்டிருந்தார்கள். பழைய ஷோ பெரியவர்களுக்காகத்தான் எடுக்கப்பட்டது, அதில் பைத்தியக்காரத்தனம் இருந்தது, கசப்பு இல்லை. பாதி சீசனில் பொறுப்பாளரை மாற்றினார்கள், பின்பாதி நிஜமாகவே தேறியது. 16 எபிசோட், நிறுத்திவிட்டார்கள். தேறும்போது நிறுத்துவது அங்கே முதல் தடவை.

அப்புறம் ரசிகர்களை இரண்டாகப் பிளந்த விஷயம். ஹென்சன் இறந்த பிறகு கெர்மிட்டை ஆடியவர் ஸ்டீவ் விட்மயர், ஏறக்குறைய 26 வருடம். 2016-இல் அவரை டிஸ்னி நீக்கியது, அடுத்த வருடம் ஜூலையில்தான் வெளியே தெரிந்தது. அவருடைய நடத்தை தொழிலுக்கு ஒத்துவரவில்லை என்றது டிஸ்னி தரப்பு. பாத்திரங்களின் நன்மைக்காகத்தான் வாதாடினேன் என்றார் விட்மயர். ஹென்சனின் பிள்ளைகள் டிஸ்னியின் முடிவின் பக்கம் நின்றார்கள். உள்ளே நடந்ததைத் தெரியாமல் யாரையும் குற்றம் சொல்ல நான் விரும்பவில்லை. ஆனால் ரசிகர்கள் ஏன் அவ்வளவு உடைந்துபோனார்கள் என்பதை வெளியாட்களுக்குச் சொல்லியாக வேண்டும். கார்ட்டூன் என்றால் குரலை மாற்றினாலும் படம் அதே படம். இங்கே கை மாறினால் முகமே மாறிவிடும். புதிதாக வந்த மாட் வோகலின் கெர்மிட்டை முதலில் பார்த்தபோது, நெருங்கிய ஒருவர் பேச்சில் ஏதோ சரியில்லையே என்று தோன்றுமே, அப்படித்தான் எனக்கு இருந்தது. வோகல் சாதாரண ஆள் இல்லை. ஜெரி நெல்சனின் பாத்திரங்களைக் காப்பாற்றியவர், 2014 படத்தில் கெர்மிட் மாதிரியே இருக்கும் வில்லன் கான்ஸ்டன்டீனை ஆடியவர், செசமி ஸ்ட்ரீட்டில் பிக் பேர்டையும் ஆடுகிறவர். அவருக்குத் தேவைப்பட்டது நேரம். வாராவாரம் ஆடியிருந்தால் இரண்டு வருடத்தில் அவருடைய கெர்மிட் ஊறி வந்திருப்பான். அவருக்குக் கிடைத்தவை விளம்பரங்கள், டிவி பேட்டிகள், அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில நிமிடங்கள். விட்மயர் கெர்மிட்டைக் கையில் எடுத்தபோது அவருக்கு 1992-இல் மப்பெட் கிறிஸ்துமஸ் கேரல், 1996-இல் ட்ரெஷர் ஐலண்ட், நடுவில் டிவி வேலை என்று தொடர்ந்து மேடை இருந்தது. வோகலுக்கு அது இல்லை என்பதுதான் எனக்கு வலிக்கிறது. அவரை வெறுக்கிற ரசிகர்களிடம் நான் கேட்பதும் இதுதான், கோபத்தை அந்த மனிதர் மேல் காட்டாதீர்கள்.

2020-இல் மப்பெட்ஸ் நவ், ஆறு எபிசோட். சமையல், பேட்டி, பரிசோதனை என்று தனித்தனித் துண்டுகள், ஒருவரோடு ஒருவர் சேர்ந்து நிற்கும் காட்சிகளே குறைவு. விஞ்ஞானி பன்சனும் அவருடைய உதவியாள் பீக்கரும் வரும் பகுதிகள் மட்டும் எனக்குப் பிடித்தன. 2021 அக்டோபரில் பேய் மாளிகை ஸ்பெஷல், கான்ஸோவும் பெப்பே என்ற இறாலும் ஒரு இரவு முழுக்க அங்கே இருக்க வேண்டும். எதற்கும் பயப்படாத கான்ஸோவுக்கு உள்ளே என்ன பயம் இருக்கிறது என்று தேடிப் போகிறது கதை, அந்த இடம் நெஞ்சைத் தொடுகிறது.

எனக்குப் பிடித்த இரண்டாவது டிஸ்னி படைப்பு 2023 மே மாதம் வந்த மப்பெட்ஸ் மேஹெம். பழைய ஷோவின் எலெக்ட்ரிக் மேஹெம் இசைக்குழு, டாக்டர் டீத், ஃப்ளாய்ட், ஜேனிஸ், ஜூட், லிப்ஸ், அனிமல். இத்தனை வருடம் ஊர் ஊராக வாசித்தும் ஒரு ஆல்பம்கூடப் போடவில்லை, இப்போது போட்டே ஆக வேண்டும். கனடாவில் பிறந்த பஞ்சாபிப் பெண் லில்லி சிங்தான் மனித நாயகி, நோரா சிங் என்றே பாத்திரத்துக்குப் பெயர். பத்து எபிசோட், ஒரே கதை, தினமும் சேர்ந்து வேலை செய்கிற ஆட்டக்காரர்கள். நான் மேலே சொன்னதற்கு இதுதான் சாட்சி. மூன்றாவது எபிசோடுக்கு மேல் அந்தக் குழுவின் தாளம் மாறுவதை நீங்களே பார்க்கலாம், ஒருவர் பேசும்போது மற்ற ஐந்து பேரும் பின்னால் தங்களுக்குள் ஏதோ செய்துகொண்டிருப்பார்கள், யாரும் சும்மா நிற்கமாட்டார்கள். நாற்பது வருடமாக ஓரத்தில் நின்ற லிப்ஸுக்குக்கூட ஒரு மனசு இருப்பது தெரிகிறது. அதே வருடம் நவம்பரில் நிறுத்திவிட்டார்கள். ஒரு சீசன். அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்கு வேலையே ஓடவில்லை.

படங்களைத் தாண்டி ஒன்றைப் பற்றி எழுதியே ஆக வேண்டும். ஃபுளோரிடாவில் டிஸ்னி பூங்காவில் மப்பெட்விஷன் 3டி என்று ஒரு காட்சி இருந்தது. ஹென்சன் இயக்கிய கடைசி வேலைகளில் ஒன்று, அவர் இறந்த பிறகு முடித்து, சரியாக ஒரு வருடம் கழித்து 1991 மே 16 அன்று திறந்தார்கள். 2018-இல் குடும்பத்தோடு போனேன். உள்ளே நுழைந்தால் டிவியில் பார்த்த அதே சிவப்புக் கொட்டகை. பாக்ஸில் அந்த இரண்டு கிழவர்கள் இயந்திரப் பொம்மைகளாக உட்கார்ந்து நம்மையும் சேர்த்துத் திட்டுகிறார்கள், கீழே பென்குவின்கள் வாத்தியம் வாசிக்கின்றன, நடுவில் மேலிருந்து சோப்புக் குமிழிகள் விழுகின்றன, ஸ்வீட்டம்ஸ் என்ற பெரிய ராட்சசன் நிஜமாகவே கூட்டத்துக்குள் நடந்து வருகிறான், கடைசியில் பின்னால் புரொஜெக்டர் அறையிலிருந்து சுவீடிஷ் செஃப் பீரங்கியால் கொட்டகையையே உடைக்கிறார். 3டி கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தேன், எல்லா வயதுக்காரர்களும் வாயைத் திறந்து மேலே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

2025 ஜூன் மாதம் அதை மூடிவிட்டார்கள். அந்த இடத்தில் மான்ஸ்டர்ஸ் இன்க் வருகிறது. படத்தையும் பொம்மைகளில் சிலவற்றையும் பாதுகாத்து வைப்போம் என்றிருக்கிறார்கள், பதிலாக அதே பூங்காவில் இருக்கும் ரோலர் கோஸ்டரை எலெக்ட்ரிக் மேஹெம் இசைக்குழுவுக்குக் கொடுக்கப் போவதாக அறிவித்தார்கள். ரோலர் கோஸ்டர் நன்றாகவே இருக்கலாம், அனிமலுக்கு அது பொருத்தமும்கூட. ஆனால் மூடப்பட்டது ஹென்சனின் கை பட்ட இடம். முப்பத்துநான்கு வருடம் ஓடிய ஒன்றைக் கொஞ்சம் பழுதுபார்த்து இன்னும் ஓட்டியிருக்கலாம் என்றுதான் எனக்கு இப்போதும் தோன்றுகிறது.

திருப்பி ஹென்சன் குடும்பத்திடமே கொடுத்துவிட வேண்டும் என்று சொல்லும் ரசிகர்களும் உண்டு. அதில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஹென்சன் கம்பெனி நெட்ஃபிளிக்ஸுக்காக 2019-இல் செய்த டார்க் கிறிஸ்டல் தொடர் அற்புதமான பொம்மலாட்டம், அதையும் ஒரே சீசனில் நிறுத்திவிட்டார்கள். காசு கொடுக்கிறவர் யாராக இருந்தாலும் இதே கதை நடக்கலாம். அது மட்டும் இல்லை, டிஸ்னிக்குள்ளேயே இவர்களை மதிக்கிற ஆட்கள் இருப்பதற்கு ஆதாரம் உண்டு. மப்பெட் கிறிஸ்துமஸ் கேரலை எடுத்துக்கொள்ளுங்கள். கதையின் நாயகனான கஞ்சன் ஸ்க்ரூஜின் பழைய காதலி பிரியும்போது பாடும் பாட்டு ஒன்று, குழந்தைகளுக்கு அது ரொம்ப சோகம் என்று 1992-இல் தியேட்டருக்குப் போகும் முன்பே வெட்டி நீக்கப்பட்டது. கடைசியில் எல்லாரும் பாடும் பாட்டு இதே மெட்டின் பதில்தான், முதலாவது இல்லாவிட்டால் இரண்டாவதற்குப் பொருளே குறைந்துவிடும். மூலப் படச்சுருள் தொலைந்துவிட்டது என்றே வெகு காலம் நினைத்தார்கள். அதைத் தேடிக் கண்டுபிடித்து 2022 டிசம்பரில் முழுப் பதிப்பையும் டிஸ்னி பிளஸில் வைத்தார்கள். படத்தின் பக்கத்தில் கூடுதல் பகுதிகள் இருக்கும் இடத்தில் போய்த் தேட வேண்டும், நேராக ப்ளே அழுத்தினால் பழையதுதான் ஓடும். இது தெரியாமல் எத்தனையோ பேர் அந்தப் பாட்டு இல்லாமலே பார்க்கிறார்கள். ஆகவே தேடிப் பார்க்கவும், ஸ்க்ரூஜாக வரும் நடிகர் மைக்கேல் கெய்ன், பொம்மைகளோடு நடிக்கிறோம் என்ற நினைப்பே இல்லாமல் நடித்திருப்பதற்காகவும்.

மப்பெட் ஷோவின் 50ஆவது வருடத்துக்காகப் பழைய பெயரிலேயே, பழைய கொட்டகையிலேயே, பாடகி சப்ரினா கார்பென்டர் விருந்தாளியாக வரும் ஒரு ஸ்பெஷலை அறிவித்தபோது எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. ஆவணப்பட பாணி வேண்டாம், துண்டு வீடியோ வேண்டாம், மேடையும் மேடைக்குப் பின்னாலும் போதும் என்று நாங்கள் சொல்லிக்கொண்டிருந்தது யார் காதிலோ விழுந்திருக்கிறது. டிஸ்னியிடம் நான் கேட்பது ஒன்றே ஒன்று. ஸ்பெஷல் என்று ஒன்றோடு நிறுத்தாதீர்கள். பெரிய பட்ஜெட் வேண்டாம், வருடத்துக்கு எட்டு எபிசோட், அரைமணி நேரம், அதே கொட்டகை. இப்போது பொம்மைகளை ஆட்டும் வோகல், எரிக் ஜேகப்சன், பில் பரேட்டா, டேவிட் ருட்மன், பீட்டர் லின்ஸ் எல்லாரையும் தொடர்ந்து ஐந்து வருடம் ஒரே இடத்தில் வைத்திருங்கள். எல்ஸ்ட்ரீயில் முதல் சீசனிலிருந்து ஆடியவர்களில் இன்னும் அதே பொம்மையைக் கையில் வைத்திருப்பவர் டேவ் கோல்ஸ். கான்ஸோ, பன்சன், ஜூட், வால்டார்ஃப் எல்லாம் அவர் கைதான். 1946-இல் பிறந்தவர். அவர் பக்கத்தில் நின்று இளையவர்கள் பார்த்துக் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல சமயம் வராது.

புதிதாகப் பார்க்கத் தொடங்குகிறவர்களுக்கு: முதல் சீசனில் ஆரம்பிக்க வேண்டாம், அதில் அவர்களே தங்களைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள், பிக்கியின் முகமும் குரலும்கூட இன்னும் அமையவில்லை. மூன்றாவது சீசனில் பாடகர் ஹாரி பெலஃபான்டே வரும் எபிசோடை முதலில் போடுங்கள். அவரும் அனிமலும் டிரம்ஸில் மோதும் இடம் குழந்தைகளுக்கு, கடைசியில் ஆப்பிரிக்க முகமூடிகள் ஒவ்வொன்றாக உயிர்பெற்று அவரோடு பாடும் பாட்டு உங்களுக்கு. ஹென்சனின் நினைவுக் கூட்டத்தில் பெலஃபான்டே வந்து பாடியதும் அந்தப் பாட்டைத்தான்.